ஒரு போர்வைக்கு ஒரு ஸ்கேல்

எங்கள் அண்ணிக்கு அக்கம்பக்கத்தில் வைத்த பெயர் காலிஞ்ச். காதுபடவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். துண்டுத் துணிகளை அளந்து வெட்டி, சேர்த்துத் தைத்து, போர்வையாக்குவது அவருக்கு உயிர். துண்டோடு துண்டைச் சேர்க்கும்போது ஓரத்தில் கால் இஞ்ச் விட்டுத் தைக்க வேண்டும், அதில் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதை அவர் தையலோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பெயர் வந்திருக்காது. டம்ளரில் தேநீர் ஊற்றினால் விளிம்புக்குக் கீழே கால் இஞ்ச் காலியாக இருக்கும். கதவைச் சாத்தினால் கால் இஞ்ச் திறந்திருக்கும். "என்ன அண்ணி, காத்து வந்துட்டுப் போறதுக்கா?" என்று கேட்டால், "எதுலயும் கொஞ்சம் இடம் விட்டாத்தான் தம்பி பிரியாம இருக்கும்" என்பார். நான் கறாரான பேர்வழி. கதவென்றால் சாத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் திறந்திருக்க வேண்டும். எழுந்துபோய் நன்றாகச் சாத்திவிட்டு வருவேன்.

நானும் அண்ணனும் பெயர்ப்பலகை செய்கிறவர்கள். வீட்டின் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் அண்ணன் குடித்தனம், மாடியில் நான். அக்ரிலிக் தகட்டை எழுத்தெழுத்தாக அறுத்துக் கடைகளின் நெற்றியில் ஒட்டுவது எங்கள் பிழைப்பு. அண்ணன் நல்ல உயரம், எதையும் சிரித்துக்கொண்டே செய்கிற சுபாவம். நான் அவருக்கு நேர்மாறு. பலகையில் ஒரு எழுத்து சாய்ந்திருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அண்ணனோ, "அதுக்கு அசதிடா, கொஞ்சம் சாஞ்சு நிக்கட்டும்" என்பார். வாடிக்கையாளர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள், என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள்.

கல்யாணத்துக்கு முன்பு அண்ணி ஒரு திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிற மேசையில் வேலை பார்த்தவர். புகுந்த வீட்டுக்கு வரும்போது ஒரு தையல் மிஷினும் ஒரு மூட்டையும் கொண்டுவந்தார். மூட்டையை வண்டியிலிருந்து இறக்கியவன் நான்தான். புதுப்பெண்ணின் சாமான், என்ன இருக்கிறதோ ஏது இருக்கிறதோ என்று பதவிசாக வைத்தேன். "சும்மா தூக்கிப் போடுங்க, ஒண்ணும் உடையாது. உள்ள இருக்கிற எல்லாமே ஏற்கெனவே துண்டுதான்" என்றார் அண்ணி. கடையில் மிஞ்சிய ஓரத் துணிகள் அத்தனையும் அதில் இருந்தன. என்னிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியது முதல் ஒரு மாதத்தோடு சரி. அப்புறம் நான் "டேய் தம்பி" ஆகிவிட்டேன், அந்தப் பதவி உயர்வில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

இந்த வீட்டில் அவர் தைத்த முதல் போர்வையை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அட்டையில் சதுரமும் முக்கோணமும் வெட்டி வைத்துக்கொண்டு, அதைத் துணியின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டினார். அட்டையின் ஓரம் பென்சில் உரசி உரசித் தேய்ந்துகொண்டே போனது அவருக்குத் தெரியவில்லை. முதலில் வெட்டிய துண்டு ஒரு அளவு, கடைசியில் வெட்டிய துண்டு இன்னொரு அளவு. எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து விரித்தால் போர்வை ஒரு பக்கம் கட்டிலைத் தாண்டித் தொங்கியது, மறுபக்கம் கட்டிலுக்கே எட்டவில்லை. அண்ணி முகம் தொங்கிப்போனது. அண்ணன் அதைப் போர்த்திக்கொண்டு காலை நீட்டிப் பார்த்துவிட்டு, "நீளமான பக்கம் என் காலுக்கு, குட்டையான பக்கம் உன் காலுக்கு. அளவெடுத்துத் தெச்சாக்கூட இப்படி அமையாது" என்றார். அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மறுநாளே அண்ணன் பட்டறையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மருந்துக்கடையின் கவுண்டருக்குப் போட்டதுபோக மிஞ்சிய நிறமில்லாத அக்ரிலிக் எங்களிடம் கிடந்தது. அதில் சதுரமாக ஒரு ஸ்கேலும் முக்கோணமாக ஒரு ஸ்கேலும் அறுத்தார். தைப்பதற்கு விட வேண்டிய கால் இஞ்ச்சையும் அளவுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார். முக்கோணத்தின் கூர்முனை துணியில் வால்போல் நீட்டிக்கொண்டு நிற்கும், சேர்க்கும்போது இடறும் என்று அண்ணி சொன்னதால், முனையை மழுங்க வெட்டிக் கொடுத்தார். ஊசியால் கோடு கீறி, கீறலில் மையைத் தேய்த்துத் துடைத்தார். துணியின்மேல் வைத்தால் கீழே இருக்கும் பூவும் புள்ளியும் அப்படியே தெரியும், எந்தப் பூவை நடுவில் வைத்து வெட்ட வேண்டுமோ அதைப் பார்த்து வெட்டலாம். அக்ரிலிக் அறுக்கும்போது லேசான இனிப்போடு ஒரு தீய்ந்த வாசனை வரும். அன்றைக்கு வீடு முழுக்க அந்த வாசனைதான்.

ஆனால் ஸ்கேல் கைக்கு வந்த அன்றே சண்டையும் வந்தது. கோடுகள் தகட்டின் மேல்பக்கம் இருந்தன, தகடு நல்ல தடிமன். அண்ணன் உயரத்திலிருந்து குனிந்து பார்த்து, "கோடு துணி ஓரத்துல கச்சிதமா நிக்குது" என்றார். குட்டையான அண்ணி பக்கவாட்டில் பார்த்து, "எங்க நிக்குது? உள்ள தள்ளிப்போய் நிக்குது" என்றார். "கண்ணத் தொடச்சுட்டுப் பாரு." "நீங்க முதல்ல குனிஞ்சு பாருங்க." கடைசியில் பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் பார்த்த இடத்திலிருந்து கோடு மூன்றாவதாக ஓர் இடத்தில் நின்றது. அதைச் சொல்லி இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினேன். பிறகு அண்ணன் ஸ்கேலைத் திருப்பிப் போட்டார். கோடு துணியிலேயே ஒட்டி உட்கார்ந்ததும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே இடம்தான். எண்களை மட்டும் இடவலம் மாற்றி எழுத வேண்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்புறம் எழுதிப் பழகிய எங்களுக்கு அது ஒரு வேலையே இல்லை.

அண்ணி வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான் பல மத்தியானங்கள் அப்படித்தான் பார்த்திருக்கிறேன், பட்டறையில் வேலை குவிந்து கிடக்கும்போதுகூட. முதலில் துணியை இஸ்திரி போட்டு விறைப்பாக்குவார். ரப்பர் விரிப்பின்மேல் துணி, துணியின்மேல் ஸ்கேல். ஸ்கேல் நழுவாமலிருக்க அடியில் உப்புத்தாள் பொட்டுகளை ஒட்டியிருந்தார். இடது உள்ளங்கை ஸ்கேலை அழுத்தும், சுண்டுவிரல் மட்டும் வெளியே இறங்கி விரிப்பில் ஊன்றி நிற்கும். வலது கையில் சக்கரக் கத்தி. அதை உடம்பை விட்டு எதிர்ப்பக்கமாகத்தான் உருட்டுவார், ஒரே உருட்டு, நடுவில் எடுக்கமாட்டார். சர்ரென்று ஒரு சத்தம். வெட்டி முடித்ததும் கத்தியின் மூடியை இழுத்து மூடிவிட்டுத்தான் அடுத்த வேலை. அப்போது யாராவது எதிரே நின்றால் போச்சு. "வெளிச்சம் என்ன உங்க வீட்டுச் சொத்தா, தள்ளு" என்பார்.

தெருப்பெண்கள் ஒவ்வொருவராக அண்ணியிடம் வந்து சேர்ந்தார்கள். மதியம் அந்த அறையில் மிஷின் சத்தத்தை மீறிச் சிரிப்புச் சத்தம் கேட்கும். யாருடைய மாமியார் என்ன சொன்னார், யாருடைய புருஷன் எப்படிக் குறட்டை விடுகிறான் என்பதெல்லாம் பட்டறைவரை வந்து எங்களுக்கும் பாடமாகிவிட்டது. கேட்டவர்களுக்கு அண்ணி மிஷினைக் கொடுப்பார், கத்தரிக்கோலைக் கொடுப்பார். ஸ்கேலை மட்டும் தரமாட்டார். "பாதி போர்வைய என் ஸ்கேல்ல வெட்டிட்டு, மீதிய உன் ஸ்கேல்ல வெட்டுவ. அப்புறம் மூலை சேரலன்னு என்கிட்டத்தான் வந்து நிப்ப" என்பார். ஒருநாள் எதிர்வீட்டுக்காரி கடையில் வாங்கிய ஸ்கேலோடு வந்தாள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மயிரிழை வித்தியாசம் இருந்தது. எது சரி என்று ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். அளந்து சொல்கிறேன் என்று நான் என் எஃகு ஸ்கேலோடு எழுந்தேன். "உக்காருடா. எது சரின்னு யார் கேட்டா? ஒரு போர்வைக்கு ஒரு ஸ்கேல், அவ்வளவுதான்" என்று அண்ணி கையமர்த்திவிட்டார். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. தப்பான அளவு எத்தனை தடவை ஒத்துப்போனாலும் தப்பான அளவுதான் என்பது என் கட்சி.

அவை நல்ல காலங்கள். அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒரு மகள். அவள் துண்டுத் துணிகளுக்கு நடுவே தவழ்ந்து, நடந்து, படித்து, வேலை கிடைத்துத் தொலைதூரத்தில் குளிர் அதிகமான ஓர் ஊருக்குப் போனாள். அண்ணன் ஒரு காலையில் பலகை மாட்டிவிட்டு வந்து, நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. அண்ணனுக்குப் பிறகு நான் பட்டறையில் யாரையும் திட்டுவதில்லை. திட்டினால் சமாதானப்படுத்த ஆளில்லையே.

அண்ணனின் சட்டைகள் அலமாரியிலேயே இருந்தன. எல்லாமே அண்ணி கையால் தைத்தவை, அவர் உயரத்துக்குக் கடைச்சட்டை எதுவும் சரிப்பட்டு வராது. அண்ணி அலமாரியைத் திறப்பார், பார்ப்பார், மூடுவார். மகள் ஒருநாள் தொலைபேசியில், "இங்க எத்தன கம்பளி போத்துனாலும் குளிருதும்மா" என்று சொன்னாள். அன்றைக்கு அண்ணி அலமாரியைத் திறந்தவர் மூடவில்லை. சட்டைகளைக் கட்டிலில் பரப்பிவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதையெல்லாம் வெட்டப்போறேன். உனக்கு எதாவது வேணும்னா இப்பவே எடுத்துக்க. அப்புறம் அண்ணன் சட்டைய வெட்டிட்டாங்கன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத." நான் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் சட்டை எனக்கு முழங்கால்வரை வரும்.

கட்டம் கட்டமாகப் போர்வை வளர்ந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஒரு சதுரம், சுற்றிலும் இரண்டிரண்டு முக்கோணங்களைச் சேர்த்துத் தைத்த சதுரங்கள். எல்லாம் இணைந்தால் வெள்ளைத் துணியில் ஒரு நட்சத்திரம். கோடு போட்ட சட்டை ஒரு நட்சத்திரம், கட்டம் போட்ட சட்டை இன்னொரு நட்சத்திரம். நான் போகும்போதும் வரும்போதும் நின்று பார்ப்பேன். இந்தச் சட்டையில்தான் அண்ணன் ஏணியிலிருந்து வழுக்கினார், இந்தச் சட்டையில்தான் என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தார் என்று ஒவ்வொன்றாக நினைவு வரும். கடைசி வரிசைக்கு இரண்டு சட்டைகள் மட்டும் மிச்சம். அவற்றில் ஒன்று, வெளுத்துப்போய்ச் சாம்பல் பூத்த ஒரு நீலச் சட்டை. கல்யாணமான புதிதில் அண்ணிதான் துணி எடுத்துத் தைத்துக்கொடுத்தது. அதை வெட்ட மனமில்லாமல் கடைசியில் வைத்திருந்தார்.

போர்வையைக் கையோடு எடுத்துப்போக மகள் விடுமுறையில் வந்தாள். வரும்போது அம்மாவுக்கென்று ஸ்கேல் பெட்டி ஒன்று வாங்கிவந்தாள். சதுரத்துக்கு ஒன்று, முக்கோணத்துக்கு ஒன்று, வைரவடிவத்துக்கு ஒன்று, வளைவுக்கு ஒன்று, எல்லாம் மஞ்சள் கோடு போட்டு மின்னின. அண்ணி ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "எவ்வளவு அழகா இருக்கு" என்று மனசாரச் சொல்லிவிட்டுப் பெட்டியிலேயே வைத்தார். போர்வை முடியட்டும், அப்புறம் இதில் புதிதாக ஒன்று ஆரம்பிக்கலாம் என்றார். மகளுக்கும் அது சரியென்றுதான் பட்டது.

அந்த வாரமே அண்ணனின் முக்கோண ஸ்கேல் உடைந்தது. மேசை விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்ததை இஸ்திரிப்பெட்டியின் வயர் இழுத்துவிட்டது. சிமெண்டுத் தரையில் விழுந்த பழைய அக்ரிலிக் தூள்தூளாகப் போனது. அண்ணி அப்போது கடைக்குப் போயிருந்தார். மகளுக்குச் சுத்தம் முக்கியம், அம்மா காலில் குத்திவிடக் கூடாது என்ற பயம் வேறு. கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டாள், குப்பை வண்டியும் வந்து போய்விட்டது. அம்மா வருவதற்குள் வேலையை முடித்துவைத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்து, தான் வாங்கிவந்த புது ஸ்கேலால் மிச்சமிருந்த சட்டைகளில் ஒன்றை வெட்டியும் வைத்துவிட்டாள். நல்லவேளையாக அது நீலச் சட்டை இல்லை.

அண்ணி வந்து, விஷயத்தைக் கேட்டு, நேராக மிஷினில் உட்கார்ந்தார். மகள் வெட்டிய முக்கோணங்களைச் சேர்த்துக் கட்டமாக்கி, போர்வையின் பக்கத்தில் வைத்தார். கட்டம் எட்டவில்லை. ஒவ்வொரு துண்டிலும் துளித்துளி குறைந்து, ஒரு கட்டத்திலேயே கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி விழுந்திருந்தது. வரிசை முழுவதும் சேர்த்தால் கையகலம் போய்விடும். நட்சத்திரத்தின் முனைகளும் பக்கத்துக் கட்டத்தோடு சேராமல் முட்டி நின்றன. பழைய சதுர ஸ்கேல் பத்திரமாக இருந்தது. நான் அதை எடுத்து, கடைசியில் என் எஃகு ஸ்கேலால் அளந்தேன். ஒரு இஞ்ச்சுக்கு எட்டு நூல் என்பது எங்கள் பட்டறைக் கணக்கு. அண்ணனின் சதுரம் ஒவ்வொரு பக்கமும் அரை நூல் கூடுதலாக இருந்தது. இத்தனை வருஷமும் அண்ணி அந்தத் தப்பான அளவில்தான் அத்தனை போர்வைகளையும் வெட்டியிருக்கிறார், ஒன்றுகூடக் கோணியதில்லை. நான் அளந்ததைச் சொன்னதும் அண்ணி சிரித்தார். "அவரு கை கொஞ்சம் தாராளம்தானே" என்றார்.

மகள் அழாக்குறையாக நின்றாள். "அம்மா, போர்வையப் பிரிச்சிடலாம். எல்லாத் துண்டையும் என் ஸ்கேல் வெச்சு ஓரத்துல ஒரு துளி நறுக்கிட்டா சரியாப் போயிடும். நான் லீவ நீட்டிக்கிறேன். ரெண்டு பேரும் சேந்து தெச்சிடலாம்."

"தேஞ்ச துணிடி. பிரிச்சா நூல்நூலா வந்துடும்."

"மெதுவாப் பிரிக்கலாம்."

"வேணாம்." அண்ணி போர்வையின்மேல் கையை வைத்துக்கொண்டார். "இது உங்கப்பா போட்டுக் கொடுத்த அளவு. அவரு சட்டைய வெட்டறதுக்கே எனக்கு மனசு ஆறல. அவரு அளவையும் நறுக்கிட்டா அப்புறம் இதுல என்ன இருக்கு? வெறும் துணிதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்கண்ணன் ஸ்கேல் மாதிரியே ஒண்ணு செஞ்சு குடு. இவ வெட்டுனது உதவாது, வரிசை முழுசும் இருக்கற ஒரே ஒரு சட்டையிலதான் தேறணும். அது வீணாப்போச்சுன்னா இந்தப் போர்வை இப்படியேதான் நிக்கும்."

செய்து கொடுக்க எனக்கென்ன கஷ்டம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வெட்டிய பழைய துணி முக்கோணத்தை வைத்து அச்செடுக்கலாம் என்றால், துணியின் சாய்ந்த ஓரம் தொட்டாலே இழுபடும், ஒவ்வொன்றும் ஒரு அளவு காட்டியது. சரி, கணக்குப் போடுவோம் என்று, மூன்று பக்கமும் அரை நூல் சேர்த்து பட்டறையின் அறுக்கும் மிஷினில் சீராக வெட்டிக் கொடுத்தேன். அண்ணி அதைச் சட்டையின் பக்கமே கொண்டுபோகவில்லை. பழைய தலையணை உறையில் இரண்டு முக்கோணம் வெட்டி, சேர்த்துத் தைத்து, போர்வையின் சதுரத்தின்மேல் வைத்துப் பார்த்தார். இப்போது ஒரு மூலை வெளியே நீட்டியது. "கிட்ட வந்துட்ட" என்றார், சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல. நேர்ப்பக்கத்தில் அண்ணன் விட்டது அரை நூல் என்றால் சாய்ந்த பக்கத்தில் விட்டது வேறு ஏதோ. அதைச் சொல்ல அண்ணன் இல்லை. கூட்டியும் குறைத்தும் நான் செய்தது ஒவ்வொன்றும் தலையணை உறையிலேயே தோற்றது. தலையணை உறைகள்தான் தீர்ந்துகொண்டு வந்தன.

அண்ணன் எப்படி அறுப்பார் என்று அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். நான் கோட்டின்மேலேயே ரம்பத்தை ஓட்டுகிறவன், அறுத்து முடித்தால் கோடு இருக்காது. அண்ணன் கோட்டுக்கு வெளியே அறுப்பார், கோடு முழுசாக நிற்கும். மிச்சத்தைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பது முறை. அவர் ஒரே ஒரு தடவை உப்புத்தாளை இழுத்துவிட்டு, ஆச்சு என்று எழுந்துவிடுவார். அவர் அறுத்த எழுத்துகள் எப்போதும் கொஞ்சம் பூசினாற்போல இருக்கும். இதற்காக நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. "கோட்ட வெட்டிட்டா அப்புறம் எதப் பாத்துடா நம்பறது?" என்பார். நான் அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது தப்பான முறைதான்.

அந்தத் தப்பான முறையில் அறுக்க உட்கார்ந்தேன். சுவரில் தொங்கிய அண்ணனின் கைரம்பத்தை எடுத்தேன். நிறமில்லாத தகட்டில் சரியான அளவுக்குச் சரியான கோடு போட்டேன். வெளியே அறுக்க வேண்டும், அவ்வளவுதான். முடியவில்லை. ஒரு விரற்கடை போவதற்குள் ரம்பம் தானாகக் கோட்டின்மேல் ஏறிவிடும். ஆயுசு முழுக்கச் சரியாக வெட்டிப் பழகிய கை, தப்பாக வெட்டு என்றால் கேட்கமாட்டேன் என்கிறது. எடுத்துத் தூர வைத்தேன், இன்னொன்று, அதுவும் அப்படியே. அண்ணன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அறுக்கும்போது அண்ணன் கோட்டைப் பார்க்கமாட்டார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரம்பத்தின் பக்கத்தில் விழும் தூளைப் பார்ப்பார். இடது காலை முன்வைத்து, உயரமான உடம்பை மேசைமேல் சாய்த்து, ஏதோ ஒரு ராகத்தை மூக்கால் முனகிக்கொண்டே இழுப்பார். சாய்ந்த பக்கம் அறுக்கும்போது தகட்டைத் திருப்பிவைக்கச் சோம்பல்பட்டு, உடம்பைத் திருப்புவார். அதனால்தான் அங்கே கை இன்னும் கொஞ்சம் ஒதுங்கியிருக்கிறது. நானும் காலை முன்வைத்தேன். குட்டையான நான் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். தகட்டைத் திருப்பாமல் உடம்பைத் திருப்பினேன். முனகவும் செய்தேன், எனக்கு ராகம் வராது, சும்மா ஒரு சத்தம். தூளைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன். அறுத்து முடித்துக் குனிந்தால் மூன்று பக்கமும் கோடு முழுசாக நின்றது. இழைத்துச் சரிசெய்யக் கை பரபரத்தது. ஒரே ஒரு தடவை உப்புத்தாளை இழுத்துவிட்டு, ஆச்சு என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த வார்த்தை அண்ணன் குரலில் கேட்டது. பலகையிலிருந்து இறங்காமல் அங்கேயே நின்று அழுதேன். அண்ணன் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

அண்ணி கடைசித் தலையணை உறையை வெட்டினார், தைத்தார், போர்வையின்மேல் வைத்தார். நான்கு மூலையும் உட்கார்ந்தன. ஸ்கேலின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார், அண்ணன் விட்ட சொரசொரப்பு அதில் இருந்தது. "இது நீ செஞ்சது மாதிரியே இல்லியேடா" என்றார். என்னை யாரும் அதற்கு மேல் பாராட்டியதில்லை.

பிறகு நீலச் சட்டை மேசைக்கு வந்தது. தையல்களை ஊசிமுனையால் பிரித்து, முதுகைத் தனியாக, கைகளைத் தனியாக எடுத்தார். அண்ணி இளவயதில் போட்ட தையல், பொடிப்பொடியாக இருந்தது. "எவ்வளவு நெருக்கமாத் தெச்சிருக்கேன் பாரு. கட்டிக்கிட்டவன் ஓடிப்போயிடுவான்னு பயந்த மாதிரி" என்று சொல்லிச் சிரித்தார். முதுகுத் துணி தோள்பட்டையில் இற்றுப்போயிருந்தது, காலர் பக்கம் தேறவில்லை. மகள் துண்டுகளை வாங்கி அடுக்கினாள். எல்லாம் முடிந்தபோது ஒரே ஒரு முக்கோணம் குறைந்தது. எங்கும் அந்த அளவுக்கு நல்ல துணி இல்லை. பை தைத்திருந்த மார்புப் பக்கம் மட்டும் மிச்சம்.

அண்ணி பையின் தையலைப் பிரித்தார். பை கையோடு வந்தது. அதற்கு அடியில், வெயிலும் சோப்பும் ஒருநாளும் படாத இடத்தில், துணி பளீரென்று நீலமாக இருந்தது. பக்கத்தில் கிடந்த சாம்பல் துண்டுகளும் இதுவும் ஒரே சட்டை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

"அப்பா சட்டை இந்தக் கலராம்மா?" என்றாள் மகள். அவள் பிறந்ததிலிருந்து அதைச் சாம்பலாகத்தான் பார்த்திருக்கிறாள்.

"இதுதான்டி. இதப் பாத்துத்தான் கடையில எடுத்தேன். உங்கப்பா போட்டுக்கிட்டு வெளிய வரவே வெக்கப்பட்டாரு. கதவுக்குப் பின்னாலயே நின்னுக்கிட்டு, 'ரொம்ப எடுப்பா இருக்கோ, ரொம்ப எடுப்பா இருக்கோ'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நல்லாருக்கு, வாங்கன்னு நான்தான் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

ஸ்கேலை அந்த நீலத்தின்மேல் வைத்தார். தகட்டின் வழியாக நீலம் அப்படியே தெரிந்தது. உள்ளங்கையை அழுத்தி, சுண்டுவிரலை ஊன்றி, கத்தியைத் திறந்து பிடித்துக்கொண்டு, வெட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்கேலைத் தூக்கினார். கத்தியை மூடினார். நீலத்தை விட்டுவிட்டு, கையில் பிரித்து வைத்திருந்த பையை எடுத்து இஸ்திரி போட்டு, அதில் வெட்டினார். பைத்துணி சரியாகப் போதுமானதாக இருந்தது, ஒரு இழைகூட மிச்சமில்லை.

போர்வை மகளோடு போய்விட்டது. அங்கே குளிரவில்லை என்கிறாள். அந்த நீலத் துணி அண்ணியின் தலையணைக்கு அடியில் இருக்கிறது.